ஏலத்துக்கு வரும் ரோமானியச் சுடுமண் தலை: அந்த முகம் யாருடையது?

‘ரோமானியச் சுடுமண் உருவத்தலை. கி.மு. 3 – 1ஆம் நூற்றாண்டு. உயரம் 27 செ.மீ. ஐரோப்பியத் தனியார் சேகரிப்பிலிருந்து.’

பழம்பொருள் ஏலப் பட்டியல்களில் இந்த மாதிரி ஒரு வரி அடிக்கடி தென்படும். பக்கத்தில் ஒரு படம்: கறுப்புத் தாங்கியில் நிறுத்திய செம்மண் நிற முகம், அகன்ற கண்கள், நெற்றியில் படிந்த முடிக்கற்றைகள். பளிங்கில் செதுக்கிய ரோமானியத் தலைகளோடு ஒப்பிட்டால் இதன் விலை மிகக் குறைவு. அதனாலேயே, சேகரிக்கத் தொடங்குகிறவர்களின் கண் முதலில் இதன்மேல் விழுகிறது.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவரின் முகம் கைக்கெட்டும் விலையில் எப்படிக் கிடைக்கிறது? அது உண்மையானதுதானா? வாங்குவது சட்டப்படி சரியா? அந்த ஒற்றை வரியில் உள்ள சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும். ‘சுடுமண்’ என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம்.

கல் இருக்க மண் ஏன்?

இத்தாலியின் காராரா மலையில் வெள்ளைப் பளிங்கு ஏராளம். ஆனால் ரோமானியர்கள் அதைப் பெரிய அளவில் வெட்டியெடுக்கத் தொடங்கியது கி.மு. 1ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டித்தான். அதற்கு முன் நடு இத்தாலியில் சிற்பிக்குக் கைகொடுத்தவை வெண்கலம், எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மென்கல், களிமண் ஆகிய மூன்றும்தான். வெண்கலத்துக்குச் செலவு அதிகம். மென்கல்லில் நுணுக்கமான வேலை நிற்காது. களிமண் எங்கும் கிடைத்தது, நினைத்த வடிவத்துக்கு வளைந்தது, சுட்டால் கல்லைப் போல நின்றது.

ஆகவே மண் என்பது ஏழைக்கு மட்டுமான பொருளாக அங்கே இருக்கவில்லை. ரோமின் கேப்பிடோலின் குன்றில் இருந்த ஜூபிடரின் பழைய திருவுருவமே சுடுமண்ணால் ஆனது என்றும், அதைச் செய்ய ரோமுக்கு வடக்கே இருந்த வேயீ நகரத்திலிருந்து வுல்கா என்ற கலைஞர் வரவழைக்கப்பட்டார் என்றும் கி.பி. 1ஆம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். அந்த வேயீ நகரக் கோயிலின் கூரைமேல் நின்ற, ஆளுயர அப்பல்லோ சுடுமண் சிலையை ரோமின் வில்லா ஜூலியா அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். அதன் வயது 2,500 ஆண்டுகள்.

இந்த மதிப்பு பிறகு சரிந்தது. கிரேக்க நகரங்களைப் போரில் வென்று பளிங்கையும் வெண்கலத்தையும் ரோமுக்கு அள்ளிவந்த காலம் அது. கொரிந்தையும் ஏதென்ஸையும் புகழ்கிறவர்கள் நம் தெய்வங்களின் கோயில் கூரையில் உள்ள மண் உருவங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று கி.மு. 195இல் ரோமானிய அரசியல்வாதி கேட்டோ மன்றத்தில் வருந்திப் பேசியதாக வரலாற்றாசிரியர் லிவி பதிந்திருக்கிறார். நாம் பேசும் தலைகள் பெரும்பாலும் இந்த மாற்றத்துக்கு முன்னும் பின்னுமான சில நூறு ஆண்டுகளைச் சேர்ந்தவை.

பெரும்பாலானவை நேர்த்திக்கடன்கள்

ஏலத்துக்கு வரும் ஆளுயர அளவுத் தலைகளில் பெரும்பகுதி கோயிலுக்குச் செலுத்திய காணிக்கை. எட்ரூஸ்கர் என்ற பழங்குடிமக்களின் நாடான எட்ரூரியா, ரோமைச் சூழ்ந்த லாட்டியம், அதற்குத் தெற்கே காம்பானியா ஆகிய மூன்று பகுதிகளில், ஏறத்தாழ கி.மு. 4ஆம் நூற்றாண்டு முதல் கி.மு. 1ஆம் நூற்றாண்டு வரை, மண்ணால் செய்த உடலுறுப்புகளைத் தெய்வத்துக்குச் செலுத்தும் வழக்கம் பரவியிருந்தது. பாதம், கை, கண், காது, மார்பகம், கருப்பை, குடல், துணியில் சுற்றிய கைக்குழந்தை, தலை என எல்லாமே உண்டு. நெற்றியிலிருந்து கழுத்துவரை நெடுக்குவாட்டில் பாதியாக, பக்கத்தோற்றம் மட்டும் காட்டும் அரைத்தலைகளும் வேயீ, செர்வெத்தேரி போன்ற இடங்களில் கிடைத்திருக்கின்றன. கண் நோய் தீர்ந்ததும் அம்மனுக்குக் கண்மலர் சாத்துகிற வழக்கம் தெரிந்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

ரோமுக்குக் கிழக்கே, ஒன்பதாவது மைல்கல்லை ஒட்டிய பொன்தே தி நோனா என்ற இடத்தில் 1970களில் நடந்த அகழாய்வு ஒரு சிறிய சாலையோரக் கோயிலின் காணிக்கைகளை வெளியே கொண்டுவந்தது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சுடுமண் துண்டுகள். அவற்றில் பாதங்களும் கைகளும் மிகுதி. வயலில் வேலை செய்து, நெடுந்தொலைவு நடந்து, கையும் காலும் நொந்த மனிதர்களின் கோயில் அது என்று அந்த எண்ணிக்கையிலிருந்தே ஆய்வாளர்கள் ஊகித்தார்கள். கொள்ளைநோய் தாக்கியபின், கி.மு. 291இல் கிரேக்க நாட்டு எபிடாரஸிலிருந்து ரோமின் டைபர் ஆற்றுத் தீவுக்கு மருத்துவக் கடவுள் அஸ்கிலேபியஸைக் கொண்டுவந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆற்றங்கரைக்குச் சுவர் எழுப்பியபோது அதே பகுதியின் ஆற்றுப் படுகையிலிருந்து மண் கையும் காலுமாக வந்தன.

தலையைச் செலுத்தியவர் தலைவலி தீர வேண்டிக்கொண்டாரா, அல்லது ‘நானே உன் முன் நிற்கிறேன்’ என்று முழு ஆளுக்குப் பதிலாக முகத்தை வைத்தாரா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனக்கு இரண்டாவது விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. காரணம் முக்காடு. ரோமானியர் பலி கொடுக்கும்போது தோகா ஆடையின் ஒரு மடிப்பைத் தலைமேல் இழுத்துக்கொள்வார்கள். கிரேக்கர்கள் திறந்த தலையோடு வழிபட்டார்கள். நேர்த்திக்கடன் தலைகளில் ஆண், பெண் இருவருக்குமே முக்காடிட்டவை மிகப் பல. அதாவது அந்த மண்முகம் வழிபடும் கோலத்தில் இருக்கிறது. கோயிலுக்கு வந்தவர் வீடு திரும்பியபின்னும் அவர் சார்பாக அங்கே நின்று கும்பிட்டுக்கொண்டிருக்கும் முகம் அது. முக்காடு இருந்தாலே ரோமானியக் குடியேற்றத்தின் அடையாளம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். இன்று அந்த முடிவை அவ்வளவு எளிதில் யாரும் எடுப்பதில்லை.

சந்தைக்கு இத்தனை தலைகள் எப்படி வருகின்றன என்பதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. தெய்வத்துக்குக் கொடுத்தது தெய்வத்தின் சொத்து. வெளியே எறியக் கூடாது, மறுபடி விற்கவும் கூடாது. கோயிலில் இடம் நிரம்பியதும் பழைய காணிக்கைகளைக் கோயில் வளாகத்துக்குள்ளேயே குழி வெட்டிப் புதைத்தார்கள். எனவே ஒரே குழியில் நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரக்கணக்கில் சேர்ந்து கிடக்கின்றன. திருட்டுத்தனமாகத் தோண்டுகிறவரின் மண்வெட்டி அப்படி ஒரு குழியில் பட்டுவிட்டால், சந்தைக்குப் பல ஆண்டுகளுக்குச் சரக்கு கிடைத்துவிடும்.

ஒரு தலை உருவாகும் விதம்

இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். உண்மையையும் போலியையும் பிரித்தறிய உதவும் தடயங்கள் எல்லாம் செய்முறையில்தான் பதிந்திருக்கின்றன.

1. முதலில் ஒரு மூலத்தலை. அதைக் கைத்திறன் மிக்க ஒருவர் மண்ணில் வனைவார். அதன்மேல் ஈரக் களிமண்ணை அப்பி எடுத்துச் சுட்டால் அச்சு தயார்.

2. அச்சுக்குள் களிமண்ணைப் பாளம் பாளமாக வைத்து விரலால் அமுக்குவார்கள். அதனால் தலையின் உட்புறம் குழிகுழியாக, தடிப்பு மாறி மாறி இருக்கும். விரல் பதிந்த தடங்கள், சில சமயம் ரேகைகூட, அப்படியே நிற்கும்.

3. பின்மண்டைக்குத் தனி அச்சு வைப்பதும் உண்டு. கையால் ஒரு பாளத்தை ஒட்டி மூடிவிடுவதும் உண்டு. பின்னால் ஒரு காற்றுத்துளை விடுவார்கள். சூளையில் ஆவி வெளியேற வழி இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

4. மண் இறுகும் முன், குச்சியாலும் சிறு கத்தியாலும் முடியைக் கீறி, இமை ஓரத்தைக் கூராக்கி, சிலவற்றில் சுருக்கமோ தாடியோ சேர்ப்பார்கள். ஒரே அச்சில் பிறந்த இரண்டு தலைகள் இந்தக் கைவேலையால் இரண்டு மனிதர்களாக மாறிவிடும்.

5. சூளையிலிருந்து வந்தபின் வண்ணம். ஆண்களின் தோலுக்குச் செங்காவி, பெண்களுக்கு வெளிர் நிறம் என்பது பரவலான வழக்கம். காது மடிப்பிலும் முக்காட்டின் ஓரத்திலும் அந்த வண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

இதில் ஆய்வாளர்களுக்கு மிகவும் உதவுவது மண்ணின் சுருக்கம். களிமண் உலர்ந்து சுடும்போது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சிறுத்துப்போகும். மூலத்தலை 30 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அச்சிலிருந்து வரும் தலை 27 செ.மீ. அளவில் முடியும். அந்தத் தலையின்மேலேயே இன்னொரு பட்டறைக்காரர் புது அச்சு எடுத்தால், அதிலிருந்து வருவது சுமார் 24 செ.மீ. ஒவ்வொரு தலைமுறையிலும் முகம் சிறுக்கும், மூக்கின் கூர் மழுங்கும், முடிக்கற்றைகள் கலங்கும். (அச்சும் சுடப்படுவதால் உண்மைக் கணக்கு இதைவிடச் சிக்கலானது, கொள்கை இதுதான்.) ஒரு கோயில் குழியில் கிடைத்த தலைகளை அளந்து வரிசைப்படுத்தினால் எது பாட்டன், எது பேரன் என்று சொல்லிவிடலாம். எந்த ஊர்ப் பட்டறையின் அச்சு எந்த ஊருக்குப் போனது என்பதையும் தொடர முடியும். ஏலப் பட்டியலில் ‘உயரம் 27 செ.மீ.’ என்று போகிறபோக்கில் வரும் எண்ணின் உண்மையான பயன் இதுவே. ஆனால் உடன்பிறப்புகள் எங்கே என்று தெரியாத தனித்தலையிடம் இந்தக் கணக்கு செல்லாது.

‘உருவத்தலை’ என்று சொல்லலாமா?

ஒரு குறிப்பிட்ட மனிதரின் சாயலைப் பிடித்துவைப்பதுதான் உருவத்தலை. அச்சில் அமுக்கி எடுத்து, கோயில் வாசலில் விற்ற தலை அந்தப் பெயருக்கு உரியதா? பெரும்பாலும் இல்லை என்பதே என் முடிவு. வாங்கியவர் தன் வயதுக்கும், ஆணா பெண்ணா என்பதற்கும் ஓரளவு பொருந்துகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்திருப்பார். அதற்கு மேல் சாயலை எதிர்பார்த்ததற்கான தடயம் குறைவு. விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. சில தலைகளில் கைவேலை அவ்வளவு ஆழமாக இருக்கிறது. தொங்கும் கன்னமும் கோணலான வாயும் யாரோ ஒருவரைப் பார்த்துச் செய்ததாகவே தோன்றும்.

சாயலைப் பிடிப்பதில் ரோமானியருக்கு இருந்த ஆர்வம் உண்மையானது. உயர்குடியினர் தம் முன்னோரின் முகமூடிகளை வீட்டு முற்றத்தில் மரப்பேழைகளில் வைத்திருந்தார்கள் என்றும், இறுதி ஊர்வலத்தில் உயரமும் உடல்வாகும் பொருந்துகிறவர்கள் அவற்றை அணிந்து நடந்தார்கள் என்றும் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலீபியஸ் விவரிக்கிறார். அந்த முகமூடிகள் மெழுகு, ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆனால் சுடுமண்ணில் அந்தப் பழக்கத்தின் நிழலைக் காணலாம். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் கி.மு. 1ஆம் நூற்றாண்டுக்குரியதாகக் கருதப்படும் ஓர் ஆணின் சுடுமண் மார்பளவுச் சிலை இருக்கிறது. மயிர் உதிர்ந்த தலை, கண்ணுக்குக் கீழே தளர்ந்த தோல், இறுகிய வாய். உயிரோடிருந்தவரின் முகத்திலேயே அச்சு எடுத்திருக்கலாம் என்று எண்ணவைக்கும் அளவுக்கு நுணுக்கம். உருவத்தலை என்ற சொல் இதற்குப் பொருந்தும். இந்தத் தரத்தில் கிடைத்தவை உலகிலேயே மிகச் சில.

எனவே ‘சுடுமண் உருவத்தலை’ என்ற ஒரே பெயருக்குக் கீழே விலைக்கு வருபவை உண்மையில் வெவ்வேறு பொருள்கள்:

1. நேர்த்திக்கடன் தலை. கழுத்தின் அடிப்பகுதி திருத்தமாக முடிந்திருக்கும், தானே நிற்கும்.

2. முழுச்சிலையிலிருந்து முறிந்த தலை. ரோமுக்குத் தெற்கே லவீனியத்தில் ஆளுயரச் சுடுமண் சிலைகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. இத்தகைய தலையில் கழுத்து ஒழுங்கற்று முறிந்திருக்கும். அந்த முறிவைத் தேய்த்து மட்டமாக்கி முதல் வகையாகக் காட்டுவதும் உண்டு என்பதால், கழுத்தின் அடியைக் காட்டாத படத்தை நம்பக் கூடாது.

3. சிறு பொம்மையின் தலை. நான்கைந்து செ.மீ. உயரமே இருக்கும். எகிப்திலும் ஆசியா மைனரிலும் (இன்றைய துருக்கி) ரோமானியர் காலத்தில் மண் பொம்மைகள் பெருவாரியாகச் செய்தார்கள். அரசகுலப் பெண்களின் கொண்டையை இந்தப் பொம்மைகளும் பின்பற்றியதால், நாணயங்களோடு ஒப்பிட்டுக் காலம் சொல்ல முடிகிறது.

4. தலைவடிவப் பானை. இன்றைய துனிசியாவில் நவிகியஸ் என்ற பட்டறைப் பெயர் பொறித்த தலைவடிவக் குடுவைகள் செய்யப்பட்டன. இங்கிலாந்தின் யார்க் நகரில் கிடைத்த ஒரு பானையில் உள்ள பெண்முகம், பேரரசர் செப்டிமியஸ் செவரஸின் மனைவி ஜூலியா டோம்னாவின் சிகையலங்காரத்தை ஒத்திருக்கிறது. அந்தப் பேரரசர் கி.பி. 211இல் யார்க்கில்தான் இறந்தார்.

நான்குக்கும் வயதும் பயனும் விலையும் வேறு வேறு. பட்டியல் எழுதுகிறவர் எதைச் சொல்கிறார் என்று முதலில் கேட்க வேண்டும்.

போலிகள்: ஒரு கட்டைவிரலின் கதை

சுடுமண்ணைப் போலியாகச் செய்வது பளிங்கைவிட எளிது. மண் அதே மண். சூளையும் அதே சூளை. இதில் மிகப் பெரிய ஏமாற்று நடந்தது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில். 1915க்கும் 1921க்கும் இடையே அது மூன்று மாபெரும் எட்ரூஸ்கச் சுடுமண் சிற்பங்களை வாங்கியது: இரண்டு போர்வீரர்கள், கிட்டத்தட்ட 1.4 மீட்டர் உயரமுள்ள ஒரு தலை. 1933இல் காட்சிக்கு வைத்தார்கள். இத்தாலிய அறிஞர்கள் சிலர் ஐயப்பட்டும் கால் நூற்றாண்டுக்கு மேல் அவை அங்கேயே நின்றன.

சிக்கல் கறுப்புப் பூச்சில் வெளிப்பட்டது. அதில் மாங்கனீஸ் இருப்பதாகச் சோதனை காட்டியது. எட்ரூஸ்கர்கள் அந்த வகைப் பூச்சுக்கு மாங்கனீஸைப் பயன்படுத்தவில்லை. 1961 ஜனவரியில், ரோமில் உள்ள அமெரிக்கத் தூதரக அலுவலகத்தில் ஆல்ஃபிரெடோ ஃபியோராவந்தி என்ற முதியவர் வாக்குமூலம் கொடுத்தார். தானும் கூட்டாளிகளும்தான் அவற்றைச் செய்ததாகவும், சூளை சிறியதாக இருந்ததால் சிற்பத்தை உடைத்துத் துண்டு துண்டாகச் சுட்டதாகவும் சொன்னார். போர்வீரன் ஒருவனின் கையில் கட்டைவிரல் இல்லை. அந்த விரலை அவர் நினைவுப்பொருளாக வைத்திருந்தார். பொருத்திப் பார்த்தார்கள், பொருந்தியது.

இன்று சுடுமண்ணுக்கு வெப்ப ஒளிர்வுச் சோதனை இருக்கிறது. விற்பனையாளர்கள் அதன் சான்றிதழை முன்னே நீட்டுகிறார்கள். அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைப் புரிந்துகொள்வது அவசியம்.

களிமண்ணில் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் துகள்கள் இருக்கும். மண்ணிலுள்ள இயற்கைக் கதிரியக்கம் அந்தத் துகள்களுக்குள் சிறிது சிறிதாக ஆற்றலைச் சேமித்துவைக்கும். சூளையில் சுடும்போது சேமிப்பு முழுதும் வெளியேறி, கணக்கு பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கும். ஆய்வகத்தில் ஒரு சிட்டிகைத் தூளைத் துளைத்தெடுத்துச் சூடாக்கினால், சேர்ந்திருந்த ஆற்றல் ஒளியாக வரும். ஒளி எவ்வளவோ அவ்வளவு வயது. இதன் வரம்புகள்:

1. ஆண்டுக்கு எவ்வளவு கதிரியக்கம் பட்டது என்பதில் ஒரு பகுதி, பொருள் புதைந்திருந்த மண்ணைப் பொறுத்தது. எங்கே கிடைத்தது என்று தெரியாத தலைக்கு அந்த எண்ணை ஊகித்தே போட வேண்டும். பிழை 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 2,200 ஆண்டு என்று முடிவு வரும் தலை 1,760 ஆண்டிலிருந்து 2,640 ஆண்டு வரை எதுவாகவும் இருக்கலாம். அதாவது கி.மு. 7ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து கி.பி. 3ஆம் நூற்றாண்டுவரை. ‘நேற்றுச் செய்ததல்ல’ என்பதற்கு இது போதும். ‘கி.மு. 3ஆம் நூற்றாண்டு’ என்பதற்குப் போதாது.

2. துளைத்த இடத்துக்கு மட்டுமே சான்றிதழ் பொருந்தும். பழைய கழுத்துத் துண்டின்மேல் புதிய முகத்தை ஒட்டியிருந்தால், கழுத்தில் எடுத்த தூள் உண்மையையே சொல்லும்; முகம் பொய்யாகவே இருக்கும். பழைய ரோமானியச் செங்கல்லைச் செதுக்கியும் தலை செய்யலாம்.

3. செயற்கைக் கதிர்வீச்சால் வயதை ஏற்றிக் காட்ட முடியும். ஊடுகதிர்ப் படம் எடுத்தாலும் கணக்கு குழம்பலாம்.

4. இந்தச் சோதனை, தலை எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி எதுவும் சொல்லாது. திருடிய தலைக்கும் முழு மதிப்பெண் கிடைக்கும்.

கண்ணும் கையும் சொல்வதை நான் இந்தத் தாளுக்கு இணையாகவே வைப்பேன். உட்புறம் மழமழவென்று ஒரே தடிப்பில் இருந்தால் அங்கே நிற்க வேண்டும். கூழாகக் கரைத்த மண்ணைச் சுண்ண அச்சில் ஊற்றி எடுக்கும் பிற்கால முறையில்தான் அப்படி வரும். விரலால் அமுக்கிய மண்ணுக்கு அந்த ஒழுங்கு வராது.

‘ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு’

இந்தத் தொடர்தான் பட்டியலில் மிகவும் முக்கியமானது, மிகவும் வெறுமையானதும்கூட. ஒரு பழம்பொருள் மண்ணிலிருந்து வெளிவந்த நாள்முதல் யார் யார் கையில் இருந்தது என்பதே அதன் கைமாறிய வரலாறு. ‘ஐரோப்பியத் தனியார்’ என்பது ஒரு பெயரையும் சொல்லவில்லை, ஓர் ஆண்டையும் சொல்லவில்லை.

இத்தாலியச் சட்டம் இதில் தெளிவானது. 1909ஆம் ஆண்டுச் சட்டமும், அதை இறுக்கிய 1939ஆம் ஆண்டுச் சட்டமும், இப்போது நடப்பில் உள்ள 2004ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சொத்துத் தொகுப்புச் சட்டமும் ஒரே திசையில் போகின்றன. நிலத்தடியில் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்கு உரியது, அது யாருடைய நிலமாக இருந்தாலும். உரிமம் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. அமெரிக்காவும் 2001 முதல் இத்தாலியோடு செய்த உடன்பாட்டின்படி, பட்டியலிட்ட இத்தாலியத் தொல்பொருள்களை உரிய ஆவணம் இல்லாமல் உள்ளே விடுவதில்லை.

அடிக்கடி காதில் விழும் ‘1970’ என்ற எண், கலாச்சாரப் பொருள்களின் சட்டவிரோத வணிகத்தைத் தடுக்க யுனெஸ்கோ உடன்படிக்கை உருவான ஆண்டு. அதற்கு முன்பே வெளியே இருந்ததற்குச் சான்று உள்ள பொருளையே வாங்குவது என்று பல அருங்காட்சியகங்கள் ஒரு கோடு போட்டுக்கொண்டன. அமெரிக்கக் கலை அருங்காட்சியக இயக்குநர்களின் சங்கம் 2008இல் இந்தக் கோட்டை ஏற்றது. இது நெறிமுறைக் கோடு. 1965இல் கள்ளத்தனமாக வெளியேறிய தலைக்கு இந்தக் கோடு சட்ட உரிமை கொடுத்துவிடாது.

1995 செப்டம்பரில் ஜெனீவா தீர்வையற்ற கிடங்கில் வணிகர் ஜாக்கமோ மெதிச்சியின் அறைகளைச் சோதனையிட்டபோது ஆயிரக்கணக்கான பொருள்களோடு படங்களும் சிக்கின. பல படங்களில் பொருள்கள் மண் ஒட்டியபடி, உடைந்தபடி இருந்தன. அவற்றில் போலராய்ட் எஸ்எக்ஸ்-70 கேமராவில் எடுத்த படங்களும் இருந்தன. உடனே படம் தரும் கேமராக்களில் அந்த வகை 1972இல்தான் விற்பனைக்கு வந்தது. அப்படியானால் படத்தில் மண்ணோடு இருக்கும் பொருள் 1970க்குப் பிறகு தோண்டப்பட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. பெரிய அருங்காட்சியகங்கள் பல பொருள்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவந்ததற்கு அந்தப் படங்கள் முக்கியக் காரணம்.

வாங்க நினைப்பவர் இந்த வரிசையில் கேட்கலாம்:

1. 1970க்கு முந்தைய ஆவணம் எது? ரசீது, தேதியிட்ட படம், பழைய ஏலப் பட்டியலின் பக்கம், காப்பீட்டுத் தாள் ஆகியவை ஆவணம். ‘குடும்பத்தில் இருந்ததாகச் சொல்கிறார்கள்’ என்பது ஆவணம் ஆகாது.

2. இத்தாலியிலிருந்து வெளியேறியதற்கான உரிமம் இருக்கிறதா?

3. கழுத்தின் அடி, பின்புறம், உட்புறம் மூன்றின் படங்களும் கிடைக்குமா? எந்தப் பகுதி ஒட்டியது, எந்தப் பகுதி புதிதாக நிரப்பியது?

4. ‘காணாமற்போன பொருள்களின் பட்டியலில் இல்லை’ என்ற சான்றிதழை மட்டும் நீட்டுகிறார்களா? அருங்காட்சியகத்திலிருந்தோ வீட்டிலிருந்தோ திருடுபோய், உரியவர் பதிவு செய்தவைதான் அந்தப் பட்டியலில் இருக்கும். குழியிலிருந்து நேராகத் திருடியதை யார் பதிவு செய்திருக்க முடியும்? இருந்ததே யாருக்கும் தெரியாதே.

முதல் கேள்விக்கு விடை இல்லையென்றால் மற்ற மூன்றையும் கேட்கவே வேண்டாம்.

நீலச் சுருள்கள்

கிடைத்த இடம் தெரியாவிட்டால் என்ன போய்விடும், முகம் முகமாகத்தானே இருக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு ஒரு சுடுமண் தலையே பதில் சொல்லியிருக்கிறது. அது ரோமானியத் தலை அல்ல. சிசிலியின் கிரேக்க நகரமான மோர்கந்தினாவைச் சேர்ந்தது, கி.மு. 4ஆம் நூற்றாண்டை ஒட்டியது. பொருளும் செய்நேர்த்தியும் சந்தைக்கு வந்த வழியும் நாம் பேசும் தலைகளின் கதைதான்.

கலிஃபோர்னியாவின் கெட்டி அருங்காட்சியகம் 1985இல் அந்தத் தலையை 5 லட்சத்து 30 ஆயிரம் டாலருக்கு வாங்கியது. தாடியுள்ள ஆண். முடியும் தாடியும் தனித்தனியாகச் சுருட்டி ஒட்டிய மண் சுருள்கள். முடியில் செந்நிறமும் தாடியில் நீலமும் இன்னும் ஒட்டியிருந்தன. சுருள்களில் சில உதிர்ந்து போயிருந்தன. எங்கே கிடைத்தது என்ற விவரம் இல்லாததால், இது எந்தக் கடவுள் என்பதையே உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மோர்கந்தினாவில் விளைச்சலுக்குரிய டெமீட்டர் தெய்வத்தின் கோயில் வளாகம் ஒன்றை 1970களின் கடைசியில் திருடர்கள் தோண்டிச் சூறையாடியிருந்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற மண்ணில் ஆய்வாளர்களுக்குச் சில சுடுமண் சுருள்கள் கிடைத்தன. கையளவுகூட இல்லாத துண்டுகள். எந்தச் சிலையுடையவை என்று தெரியாமல், எண்ணிட்டுப் பக்கத்து ஊரான அய்தோனேயின் அருங்காட்சியகத்தில் பாதுகாத்துவைத்தார்கள். அவற்றில் நீல வண்ணம் இருந்தது.

2011இல் தொடங்கிய கூட்டு ஆய்வில் நான்கு துண்டுகள் கெட்டியின் தலையோடு ஒத்துப்போயின. அந்த வினாடியில் தலைக்கு ஊர் கிடைத்தது, கோயில் கிடைத்தது, பெயரும் உறுதிப்பட்டது. டெமீட்டரின் மகள் பெர்செபொனியைப் பாதாளத்துக்குக் கவர்ந்து சென்ற ஹேடஸ் அது. தாயும் மகளும் வழிபடப்பட்ட இடத்தில் அவனும் இருந்திருக்கிறான். 2013இல் கெட்டி தலையைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. 2016இல் அது சிசிலிக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போது அய்தோனே அருங்காட்சியகத்தில், அந்தச் சுருள்கள் இத்தனை ஆண்டு காத்திருந்த அதே கட்டடத்தில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் அதை ‘நீலத்தாடி’ என்று அழைக்கிறார்கள்.